கயிற்றின் மேல் இரண்டு தையல்

சாவியைத் திருகிப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை வண்டி ஓடியது. விட்டதும் நின்றது. காலை ஏழு மணியிலிருந்து இதே கதைதான். லேத்துக்காரர் சாவியைக் கடைசிவரை திருகுவார். ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டார் கரகரவென்று சுற்றும். எஞ்சின் இரண்டு இருமல் இருமிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து அறையில் அவர் மனைவி டெய்லரம்மாவின் கால் மெஷின் மிதியிலேயே நின்றுவிடும். அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் அவர் சாவியை விடுவார், எஞ்சின் செத்துப்போகும். அதற்குப் பிறகு வரும் அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த நேரத்தில் அவள் வீட்டுக்காரர் யாரைத் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

முன்னறையில் தையல் கடை. அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை. நடுவில் கம்பி போட்ட ஜன்னல் ஒன்று இருந்ததால் மெஷினில் உட்கார்ந்தபடியே காரின் மூக்கும் லேத்துக்காரரின் முதுகும் அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாக விடுமுறை நாளெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருப்பது அந்த முதுகைத்தான். அந்தக் கார் அவருடைய அப்பா வாடகைக்கு ஓட்டியது. துருப்பிடித்த கூடாக வந்ததை, பகலில் பட்டறையில் லேத் ஓட்டிவிட்டு வந்து, போல்ட் போல்ட்டாகக் கடைந்து, தட்டி, பெயிண்ட் அடித்து முழு வண்டியாக்கியிருந்தார். இந்த உழைப்பில் பாதியை வீட்டுக் குழாயில் காட்டியிருந்தால் சமையலறையில் எட்டு வருஷமாக வாளி வைக்க வேண்டியிருக்காது என்று அவள் நினைப்பதுண்டு. நினைப்பதோடு சரி.

இன்று மாலை நாலு மணிக்குள் வண்டி ஊருக்கு வெளியே இருக்கும் ஆய்வு மைதானத்தில் போய் நிற்க வேண்டும். பழைய வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க இன்றுதான் கடைசி நாள். தவறினால் நம்பர் ரத்து. கயிறு கட்டி இழுத்துவந்தால் உள்ளேயே விடமாட்டோம், சொந்தமாக ஓடி வர வேண்டும் என்று போக்குவரத்து அலுவலகக் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை தவணை வாங்கியாகிவிட்டது. “அப்பா நம்பர் போயிட்டா அப்புறம் இது பெயிண்ட் அடிச்ச தகரம்” என்று லேத்துக்காரர் ஒரு வாரமாகப் பல் விளக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டெய்லரம்மாவுக்கு அந்த நம்பரைப் பற்றி அவ்வளவு கவலையில்லை. அவள் பயம் வேறு. வண்டிக்கு ஒயரிங் செய்தது அவளுடைய கொழுந்தன், லேத்துக்காரரின் கூடப்பிறந்த தம்பி. ஊரில் அவனை ஒயர்மேன் என்பார்கள். அண்ணனும் தம்பியும் ஆறு வருஷம் பேசாமல் இருந்து, இந்த வண்டியை வைத்துத்தான் ஆறு மாதமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் லேத்துக்காரருக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. தம்பி அங்கே புதிதாக ஒயர் இழுத்துக் கொடுத்த எட்டாம் நாள் லேத் மோட்டார் புகைந்து எரிந்தது. பட்டறையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், “உன் கையை நம்பி இனி ஒரு பல்பு மாட்டமாட்டேன்டா” என்று அண்ணன் சொன்னார். தம்பி கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன்தான். பட்டறையை மூட வேண்டியதாகிவிட்டது. டெய்லரம்மா அப்போது வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தம்பிக்கு நடுவில் நாம் எதற்கு என்று இருந்துவிட்டாள். அப்படி இருந்துவிட்டதைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

காருக்கு ஒயரிங் என்று வந்தபோது மூன்று ஆட்கள் வந்து பார்த்து, கையை விரித்துவிட்டுப் போனார்கள். பிறகு அவளேதான் கொழுந்தன் கடைக்குப் போனாள். “தம்பி, உங்க அண்ணன் கூப்பிடல. நான் கூப்பிடறேன். வருவீங்களா?” என்று கேட்டாள். அவன் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கூடவே வந்தான். முதல் மாதம் இரண்டு பேரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். “பத்தாம் நம்பர் ஸ்பேனர் எங்கன்னு அவன்கிட்ட கேளு” என்பார் அண்ணன். “அவர் கால்கிட்டதான் கிடக்குதுன்னு சொல்லுங்க அண்ணி” என்பான் தம்பி. அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்தபடி இரண்டு பக்கமும் தபால் கொடுப்பாள். பிறகு ஒருநாள் ஸ்பேனர் தம்பியின் விரலில் விழுந்தது. “பார்த்துடா!” என்று அண்ணன் நேராகக் கத்தினார். அன்றிலிருந்து தபால் வேலை அவளுக்கு இல்லை.

எட்டு மணிக்கு ஒயர்மேன் வந்தான். சட்டைப் பையில் டெஸ்ட் பல்பு, கையில் பெட்டி. வெயில் இன்னும் ஏறவில்லை, ஆனால் காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. வானம் சாம்பல் பூசியதுபோல் மூடிக் கிடந்தது. தகரக் கூரைக்குக் கீழே நின்றால் பத்தே நிமிஷத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“என்னடா பண்ணி வச்சிருக்க?” என்றார் லேத்துக்காரர், வா என்றுகூடச் சொல்லாமல்.

“என்னண்ணே ஆச்சு?”

“நீயே பாரு.” சாவியைத் திருகினார். ஓடியது. விட்டார். நின்றது. “போன மாசம் ஒயரெல்லாம் தொங்கிட்டிருந்தப்ப அரை மணி நேரம் நிக்காம ஓடுச்சா இல்லையா? நேத்து சாயங்காலம் நீ மறுபடி மாட்டின. இன்னைக்கு இப்படி.”

“பார்க்கறேன்ணே.”

“நாலு மணிக்குள்ள பாரு.”

டெய்லரம்மா டீயும் ரொட்டியும் கொண்டுவந்து மட்கார்டு மேல் வைக்கப் போனாள். “ஐயோ, பெயிண்டு!” என்று லேத்துக்காரர் அலறவும் தட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒயர்மேன் நின்றபடியே டீயைக் குடித்தான். ரொட்டியைத் தொடவில்லை. அவன் சாப்பிடாமல் வேலை பார்த்தால் விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கும் ரொட்டி இறங்கவில்லை. ஒரு கஸ்டமரின் ஜாக்கெட் கையை இடமும் வலமும் மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள்.

ஒன்பது மணிக்கு எதிர் வீட்டுப் பெரியவர் வந்து சேர்ந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். நிறுத்தாமல் பேசுவதால் தெரு முழுக்க அவருக்கு ரேடியோ என்றே பெயர். டெய்லரம்மாவைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தபோதே, லேத்துக்காரரைக் கேட்காமல் மாப்பிள்ளையும் ஆக்கிவிட்டிருந்தார்.

“என்ன மாப்ள, காலையிலேருந்து ஸ்டார்ட் பண்றதும் ஆஃப் பண்றதுமா இருக்கீங்க? விளையாடறீங்களா?”

“நான் எங்க ஆஃப் பண்றேன்? அதுவா ஆயிடுது.”

“பெட்ரோல் இருக்கா?”

லேத்துக்காரர் அவரை முறைத்தார். ஒயர்மேன்தான் குனிந்தபடியே சொன்னான். “பெட்ரோல் பிரச்சினை இல்லீங்க. சாவியைக் கடைசிவரைக்கும் திருகிப் பிடிச்சா, செல்ஃப் மோட்டார்லேருந்து ஒரு ஒயர் வழியா இந்தக் காயிலுக்குக் கரண்ட் வருது. இந்த டப்பா இருக்குல்ல, இதான் காயில். இது கொடுத்தாத்தான் பிளக்ல பொறி வரும். சாவியை விட்டா அது ஒரு படி பின்னால வந்து நிக்கும். அப்போ கரண்ட் வேற ஒயர் வழியா, சாவிப் பூட்டுலேருந்து நேரா வரணும். அந்த ரெண்டாவது வழியிலதான் ஏதோ தகராறு.”

“அப்ப சுலபம்! ஒத்த ஒயரு, போட்டுத் தள்ளு!”

“அந்த ஒயர்ல கரண்ட் வருதே, அதான் புரியல.” ஒயர்மேன் டெஸ்ட் பல்பைக் காயிலின் முனையில் வைத்தான். பல்பு பளிச்சென்று எரிந்தது. “பாருங்க. நல்லாத்தான் எரியுது.”

“எரியுதே! அப்புறம் என்ன?”

“அதைத்தான் நானும் என்னையே கேட்டுட்டிருக்கேன்.”

சாவிப் பூட்டைக் கழற்றிப் பிரித்து உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். இல்லை. கரண்ட் வண்டியின் உடம்பில் இறங்கும் எர்த் போல்ட்டுக்குக் கீழே புதுப் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வைத்தான். அவன் சுரண்டிய ஒவ்வொரு சுரண்டலுக்கும் லேத்துக்காரர் தன் தோலைச் சுரண்டுவதுபோல் முகத்தைச் சுளித்தார். அதற்கும் மசியவில்லை. நேற்று அவன் முறுக்கிய முனைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. ஒவ்வொன்றைத் திறக்கும்போதும், “இதா? இதா இருக்கும். சரியா முறுக்கியிருக்கமாட்ட” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

பதினோரு மணிக்கு ஒயர்மேன் பேட்டரியிலிருந்து ஒரு தனி ஒயரை நேராகக் காயிலில் செருகினான். சாவியைத் திருகி விட்டதும் வண்டி நிற்கவில்லை. திடுதிடுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. டெய்லரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேவிட்டாள். ரேடியோ கைதட்டினார்.

“முடிஞ்சுது கதை! இப்படியே ஓட்டிட்டுப் போயிடுங்க மாப்ள!”

“முடியாதுங்க” என்றான் ஒயர்மேன், ஒயரை உருவியபடி. எஞ்சின் அடங்கியது. “இப்படிப் போனா சாவியைத் திருப்பினாக்கூட வண்டி நிக்காது. வெளியே ஒயர் தொங்கறதைப் பார்த்தா ஆய்வாளர் கிட்டகூட வரமாட்டார், அப்படியே திருப்பி அனுப்பிடுவார். கோளாறு பூட்டுக்கும் காயிலுக்கும் நடுவுலதான் இருக்கு. அது வரைக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“நடுவுல என்ன இருக்கு? ஒயர் இருக்கு. அதுவும் நீ போட்டது” என்றார் லேத்துக்காரர். “போன மாசத்துக்கும் இன்னைக்கும் நடுவுல மாறினது ஒண்ணே ஒண்ணுதான். நீ கழட்டி மாட்டினது.”

அவர் சொன்னது முழுக்க உண்மையில்லை. மாறியது இரண்டு விஷயம். ஆனால் இரண்டாவதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. கொத்தாகத் தொங்கிய ஒயர்களைப் பார்த்தால் ஆய்வாளர் முகம் சுளிப்பார் என்று, ஒயர்மேன் கழற்றித் தந்தவற்றுக்குக் கறுப்பு ரெக்சினில் உறை போட்டுத் தைத்துக் கொடுத்தது டெய்லரம்மா. இந்தக் காருக்காக அவள் செய்த ஒரே வேலை. ஒன்பது வருஷம் முதுகை மட்டும் காட்டிய மனிதர், அந்த உறையைக் கையில் வாங்கியதும் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கம்பெனியில வந்த மாதிரியே இருக்கும்மா” என்றார். அதற்கு அவள் இரண்டு நாள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது ரேடியோவும் அதைத்தான் பார்த்தார். “இது யாரு வேலை? தங்கச்சி வேலையா? அடேயப்பா! அதோ அந்தக் கடைசியில, காயிலுக்குத் தனியா போகுதே ஒத்தை ஒயரு, அதைப் பாருங்க. ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வச்ச மாதிரி இல்ல இருக்கு!”

“பின்ன?” என்றார் லேத்துக்காரர், அந்தக் கோபத்திலும் கொஞ்சம் பெருமையாக. “அவ கை தப்பாது. இவன் கை மாதிரியா?”

டெய்லரம்மா மெஷினுக்குத் திரும்பினாள். மேஜையில் ஒரு ஜாக்கெட், கழுத்துக்குப் பைப்பிங் வைக்க வேண்டியது. பைப்பிங் என்றால், மெல்லிய கயிற்றை நடுவில் வைத்துத் துணியை மடித்து, கயிற்றை உரசினாற்போல் தைத்துக்கொண்டு போவது. கயிறு உள்ளே புடைத்து நிற்கும், கழுத்துக்கு ஓர் எடுப்பு வரும். அவள் ஜாக்கெட் கழுத்தைச் சுற்றித் தைத்து வந்தாள். கடைசி அங்குலத்தில், கயிறு உள்ளே நழுவிவிடாமல் இருக்க, கயிற்றின் மேலேயே முன்னும் பின்னுமாக இரண்டு தையல் ஓட்டினாள். மிதியிலிருந்து காலை எடுத்தாள். நூலை வெட்டக் கத்தரியை நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

இருபத்தாறு வருஷமாக எந்தப் பைப்பிங்கையும் அவள் அப்படித்தான் முடித்திருக்கிறாள். கை தானாகச் செய்யும். கேட்டால் அப்படிச் செய்கிறோம் என்றுகூடச் சொல்லத் தெரியாது. கயிற்றுக்குள் ஊசி இறங்குவதால் கயிற்றுக்கு ஒன்றும் ஆகிவிடாது. உள்ளே இருப்பது ஒயரானால்?

அவள் எழுந்து போய் வாளியில் சொட்டிய தண்ணீரை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டாள். ஒருவேளை அப்படி இல்லாமலும் இருக்கலாம். அந்த ஒயர் வழியாகத்தான் பல்பு எரிந்ததே, அறுந்திருந்தால் எப்படி எரியும்? அவளுக்கு என்ன கரண்டைப் பற்றித் தெரியும்? கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். கேட்க வாய் வரவில்லை. யாரையாவது குற்றம் சொல்லக் கிடைத்துவிட்டால் அவள் வீட்டுக்காரர் அதை எத்தனை வருஷம் வைத்திருப்பார் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். தம்பிக்கே ஆறு வருஷம். அவளுக்குப் போக வேறு வீடும் இல்லை.

ஒரு மணி ஆயிற்று. சோறு வடித்து முட்டை பொரித்து வைத்ததை ரேடியோ ஒருவர்தான் ருசித்துச் சாப்பிட்டார். லேத்துக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கொட்டகையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தார். மணிக்கு நாலு தடவை கடிகாரம் பார்த்தவர் இப்போது நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, மழை மட்டும் வரவில்லை. ஈக்கள் எங்கும் உட்காராமல் பறந்தன.

ஒயர்மேன் காயிலின் அருகே குனிந்து, உறையின் அந்தக் கடைசி அங்குலத்தை இரண்டு விரலால் பிடித்தான். மெல்ல வளைத்தான். டெஸ்ட் பல்பு ஒரு கணம் மங்கி, மறுபடி எரிந்தது. மறுபடி வளைத்தான். மறுபடி மங்கியது. விரலால் தையலைத் தடவிப் பார்த்தான். அந்த இரண்டு தையலில் விரல் நின்றது. தலை நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவன் சட்டென்று குனிந்துகொண்டான்.

“கிடைச்சுதா?” என்றார் லேத்துக்காரர்.

“கிடைச்சுதுண்ணே.” அவன் திரும்பவில்லை. “என் ஜாயிண்ட்தான். இந்த முனையில சரியா முறுக்கல போல. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க, பத்து நிமிஷத்துல சரி பண்ணிடறேன்.”

“சொன்னேனா இல்லையா!” லேத்துக்காரர் உள்ளங்கையால் தொடையில் அறைந்துகொண்டார். “காலையிலேருந்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன், உன் ஜாயிண்ட்டைப் பாரு, உன் ஜாயிண்ட்டைப் பாருன்னு! அன்னைக்கும் இதே கதைதான். அன்னைக்கு என் பொழைப்பு போச்சு, இன்னைக்கு அப்பா நம்பர். உனக்கு அக்கறைன்னு ஒண்ணு இருந்தாத்தானேடா? ஆறு வருஷம் கழிச்சு வந்தும் அதே கை!”

ஒயர்மேன் குனிந்தே இருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

டெய்லரம்மா மெஷின் டிராயரைத் திறந்து, தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தாள். செருப்புப் போடாமல் வாசல் சுற்றிக் கொட்டகைக்குள் வந்தாள். “நகருங்க தம்பி” என்றாள்.

“அண்ணி, வேணாம். நான் பார்த்துக்கறேன்.”

“நகருங்க.”

இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ தையல் பிரித்திருக்கிறாள். கார் மேல் குனிந்து பிரித்ததில்லை. முதல் தையலை அறுத்தாள். இரண்டாவதை அறுத்தாள். ரெக்சின் வாயைப் பிளந்தது. உள்ளே ஒயரின் பிளாஸ்டிக்கில் ஏழெட்டு ஊசி ஓட்டை. ஒயர்மேன் தயங்கித் தயங்கி அந்த இடத்தைச் சீவினான். உள்ளே இருந்த செம்பு இழைகள் எல்லாம் பிய்ந்து நின்றன. ஒரே ஒரு இழை மட்டும், தலைமுடி அளவுக்கு, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஓகோ!” என்றார் ரேடியோ. “பல்பு எரிய இந்த ஒத்தை இழை போதும், இல்ல?”

“பல்புக்குப் போதும். காயிலுக்குப் பத்தாது” என்றான் ஒயர்மேன் மெதுவாக.

“அவர் ஜாயிண்ட் இல்லைங்க” என்றாள் டெய்லரம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தாள். “என் தையல். கயிறுன்னு நினைச்சு ஒயர் மேலயே மெஷின் விட்டுட்டேன். பதினோரு மணிக்கே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. பயந்துக்கிட்டு வாயை மூடிட்டிருந்தேன். தம்பிக்கும் தெரிஞ்சுபோச்சு. எனக்காகத்தான் தன் மேல போட்டுக்கிட்டார்.”

அவள் தலை குனிந்து காத்திருந்தாள்.

லேத்துக்காரர் ஒயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

“அட, இவ்வளவுதானா! நான் என்னமோ ஏதோன்னு நினைச்சேன். போகட்டும், விடு. உனக்கு என்ன தெரியும், பாவம், ஜாக்கெட் தைக்கிற கை. இதுக்குப் போய் அழறியா? டேய், சீக்கிரம் சேருடா, மணி ரெண்டரை!”

ஒயர்மேன் கெட்டுப்போன துண்டை வெட்டி எறிந்தான். புது ஒயர் சேர்த்து, முறுக்கி, ஈயம் வைத்து மூடினான். கை ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. லேத்துக்காரர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார், விட்டார். வண்டி நின்றுபோகாமல் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியோ, “பிடிச்சுக்கிட்டான்யா!” என்று கூவினார். லேத்துக்காரர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் தட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை டெய்லரம்மா கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

ஒயர்மேன் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினான். பெட்டியை மூடினான். “போயிட்டு வாங்கண்ணே. நான் கிளம்பறேன்.”

“ஏறுடா! நீயும் வா!”

“இல்லண்ணே. கடையில வேலை கிடக்கு.”

அவன் இரண்டு சக்கர வண்டியில் பெட்டியைக் கட்டத் தொடங்கினான். அவன் கோபமாக இல்லை. அதுதான் டெய்லரம்மாவை அறுத்தது. கணவருக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. இன்று போனால் இவன் இனி வரமாட்டான். கூப்பிட்டால் வருவான், வேலை செய்வான், டீ குடிப்பான். ஆனால் தம்பியாக வரமாட்டான். அவள் கார் கதவில் கை வைத்தாள்.

“என்னங்க. என்னைத் திட்டுங்க.”

“என்ன?”

“நீங்க தம்பியைத் திட்டினீங்களே, அது மாதிரி. இந்தத் தெருவே கேக்கற மாதிரி. ‘உன் கையை நம்பி இனி ஒரு பல்பு மாட்டமாட்டேன்’னு என்னையும் சொல்லுங்க.”

“இது என்ன பைத்தியக்காரத்தனம்? நேரமாகுதும்மா! நீ வேணும்னா பண்ணின?”

“அவர் வேணும்னா பண்ணினார்?”

லேத்துக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“கையும் களவுமா மாட்டின எனக்கு ‘போகட்டும்’. மாட்டாத அவருக்கு ஆறு வருஷம். அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்பு. அதுக்காவது என்னைத் திட்டுங்க.”

ரேடியோ செருப்பைத் தேடுவதுபோல் பாவனை செய்துகொண்டு தெருப் பக்கம் நகர்ந்தார்.

லேத்துக்காரர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியது. இறங்கி, தம்பி கயிறு கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய் நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட்டில் துடைத்தார்.

“டேய்.”

“சொல்லுங்கண்ணே.”

“அந்த மோட்டார். உன் ஒயராலதான் போச்சுன்னு எனக்குத் தெரியாதுடா. நான் பிரிச்சே பார்க்கல. அப்படியே தூக்கிப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டேன்.”

ஒயர்மேன் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் முகம் இப்போதுதான் மாறியது. “பிரிச்சுப் பார்க்கலையா?”

“இல்ல.”

“பார்த்திருக்கலாம்லண்ணே.” அவன் அண்ணன் பக்கம் ஓர் எட்டு வந்தான். “என் தப்பாவே இருந்திருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. எந்த வீட்டுக்கு ஒயர் போட்டாலும் அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் கிடையாது. மறுநாள் விடிஞ்சதும் சும்மா அந்தப் பக்கம் போற மாதிரி போய், அவங்க வீட்டு விளக்கு எரியுதான்னு பார்த்துட்டு வருவேன். ஆறு வருஷமாண்ணே. நான்தான் பண்ணினேனா, இல்லையா? உங்ககிட்டயும் கேக்க முடியல. இப்ப யாருகிட்ட போய்க் கேப்பேன்?”

இரும்புக் கடைக்காரன் அந்த மோட்டாரை என்றைக்கோ உருக்கியிருப்பான். லேத்துக்காரர் தம்பியின் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை, பிடிபட்ட பிள்ளைபோல் அவிழ்க்க ஆரம்பித்தார். முடிச்சு வரவில்லை.

“வா. வண்டியில ஏறு.”

“மணி மூணேகால் ஆச்சு. நீங்க போங்கண்ணே. அரை மணி நேரம் ஓட்டணும். வழியில ரயில்வே கேட் வேற போட்டிருப்பான்.”

“நீ ஏறாம நான் எடுக்கமாட்டேன்.”

“அப்பா நம்பர் போயிடும்ணே.”

“போகட்டும்.”

தம்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, “தள்ளுங்க, இப்படி இழுத்தா இன்னும் இறுகும்” என்று அந்த முடிச்சைத் தானே அவிழ்த்தான்.

மூன்று இருபதுக்கு வண்டி தெருவில் இறங்கித் திரும்பியது. முன் சீட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, பேசினார்களா என்றும் தெரியவில்லை. டெய்லரம்மா தானும் போவதற்காகக் காலையிலேயே நல்ல சேலை கட்டித் தயாராக இருந்தாள். அவளை ஏறச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.